கொழுப்பெடுக்கும் 3 மி.மீ. கேனுலா செட்: உப்புத்தண்ணீரில் தாங்குமா?

பள்ளம் விழுந்த வடுவை நோயாளியின் சொந்தக் கொழுப்பாலேயே மேடாக்கும் வேலைக்கான கைக்கருவி இந்தக் கேனுலா (உள்ளே துளையுள்ள மெல்லிய உலோகக் குழல்) செட். பழைய தீப்புண் தழும்பு, விசைப்படகின் வின்ச் கயிறு சதையைப் பிய்த்துப்போன முன்கை என்று தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை இதற்குத் தேவை உண்டு. பெட்டியில் மழுங்கிய முனையும் இரட்டைத் துளையும் கொண்ட 3 மி.மீ. கேனுலா இரண்டு (15, 23 செ.மீ.), திரவம் ஏற்றும் கேனுலா ஒன்று, கொழுப்பு வைக்கும் 17 கேஜ் தடிமன் கேனுலா மூன்று, பிளஞ்சரை (சிரிஞ்சின் தள்ளுதண்டை) பூட்டும் கிளிப் ஒன்று. சக்‌ஷன் மெஷின் தேவையில்லை. கேனுலாவைத் திருகிப் பூட்டும் 10 மில்லி லூயர்-லாக் சிரிஞ்ச் போதும்.

செட்டின் பெரிய பலம் அழுத்தம் நம் கையில் இருப்பதுதான். பிளஞ்சரை 1–2 மில்லி மட்டும் பின்னிழுத்துப் பிடித்துக்கொண்டு கேனுலாவை முன்னும் பின்னும் ஓட்டினால், கொழுப்பு மஞ்சள் மணிகளாக முழுசாக வருகிறது. மெஷினை முழு அளவில் வைத்து இழுத்தால் வெற்றிடம் 760 மி.மீ. பாதரசத்தை நெருங்கும், செல்கள் உடைந்து சிரிஞ்சில் எண்ணெய்தான் மிதக்கும். அந்த எண்ணெய் உள்ளே போனால் அழற்சியும் எண்ணெய்க்கட்டியும் மிஞ்சும். இந்த விஷயத்தில் கூடவே வரும் கிளிப் கெடுதல்தான் செய்கிறது: பிளஞ்சரை 8 மில்லி கோட்டில் பூட்டிவிடுகிறது. அதைத் தூக்கிப் போடுங்கள்.

எடுக்கும் முன் ஏற்றும் திரவம் வழக்கமானதே: 1 லிட்டர் சலைனில் மரக்கவைக்கும் லிக்னோகெய்ன் 500 மி.கி., ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் 1 மி.கி. ஏற்றியபின் 15 நிமிடமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் சிரிஞ்ச் சிவப்பாகத்தான் நிறையும். கடலுக்குப் போகும் மெலிந்த உடம்பில் வயிற்றில் கொழுப்பு கிடைப்பது கஷ்டம். இடுப்புப் பக்கமும் உள்தொடையும் பாருங்கள். இன்ன இடத்துக் கொழுப்புதான் நன்றாகப் பிழைக்கும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. வயிற்றில் எடுப்பதானால் முதலில் குடலிறக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

எடுத்த கொழுப்பைச் சிரிஞ்சோடு சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மெஷினில்) சுழற்ற வேண்டும். அதற்குக் கையேட்டில் உள்ள ‘3000 சுற்று, 3 நிமிடம்’ என்பது அரைகுறை. விசை ரோட்டரின் (மெஷினின் சுழலும் பகுதியின்) ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் 12 செ.மீ. என்றால் புவியீர்ப்பைப் போல் சுமார் 1200 மடங்கு; லேப்களில் இருக்கும் 8 செ.மீ. சின்ன மெஷினில் 800தான், 18 செ.மீ. என்றால் 1800, கொழுப்பு நசுங்கும். சுழற்றியபின் மேலே நிற்கும் எண்ணெயை முதலில் ஊற்றி, பிறகு அடிமூடியைக் கழற்றி ரத்தநீரை வடித்து, மிச்ச எண்ணெயைப் பஞ்சுத்திரியால் ஒற்றி எடுங்கள். 10 மில்லி இழுத்தால் 10 மில்லி தேறாது. கணக்குப் போடும்போதே இதை நினைவில் வையுங்கள்.

வைப்பதற்கு 1 மில்லி சிரிஞ்ச். கேனுலாவைப் பின்னிழுக்கும்போது மட்டும், ஒரு இழுப்புக்கு 0.1 மில்லிக்கு மிகாமல். புது ரத்தக்குழாய் வரும்வரை சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வரும் ஆகாரம்தான் கொழுப்புக்கு. கட்டியாக வைத்தால் நடுப்பகுதி செத்துப்போகும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒரு பங்கு கரையும், சில மாதம் கழித்து இன்னொரு முறை தேவைப்படலாம் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புருவ நடுவில் கூர்மையான ஊசி கூடவே கூடாது. ரத்தக்குழாய்க்குள் கொழுப்பு போனால் கண் பறிபோகும். 17 கேஜின் முனை நன்றாக மழுங்கியிருக்கிறது. இந்த விஷயத்தில் செட் நம்பகமானது.

இனி உப்பு. ‘நீரில் கழுவவும்’ என்று மட்டும் கையேடு சொல்கிறது. இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் அப்படிக் கழுவினால் குளோரைடு ஸ்டீலைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத குழலின் உள்பக்கத்தில். அரித்த குழியில் கொழுப்பு ஒட்டிக் காய்ந்தால் ஆட்டோகிளேவ் (நீராவிக் கிருமிநீக்கம்) முழுப்பலன் தராது. கொழுப்பெடுக்கும் கருவிகளைக் குழாய்த்தண்ணீரில் அலசியதால் வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியா (காசநோய்க் கிருமியின் இனம்) தொற்று வந்ததுண்டு: வாரங்கள் கழித்துக் கட்டி கிளம்பும், சீழ் கசியும், சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது. ஆகவே கேஸ் முடிந்த கையோடு டிஸ்டில்டு வாட்டரைச் சிரிஞ்சால் பீய்ச்சி, என்சைம் கரைசலில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, கடைசி அலசலும் டிஸ்டில்டு வாட்டரிலேயே முடித்து, உள்ளே காற்றடித்து உலர்த்துங்கள். பிறகு வெள்ளை காஸ் துணித் திரியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பழுப்பு ஒட்டினால் அந்தக் கேனுலா இனி உதவாது.

23 செ.மீ. கேனுலா தழும்பு இறுகிய இடத்தில் வளைகிறது. 15 செ.மீ. உறுதி, தனியாகக் கிடைத்தால் அதையே இரண்டாக வாங்குங்கள். முதலில் ஆட்டம் காண்பது ஹப்பும் (சிரிஞ்சில் மாட்டும் அடிப்பகுதி) குழலும் சேரும் பற்றவைப்புதான். ஒவ்வொரு கேஸுக்கு முன்னும் விரலால் திருகிப் பாருங்கள், துளி அசைந்தாலும் மாற்றிவிடுங்கள்.