பழைய கொட்டகைக்கு எந்தக் கறுப்பு வெள்ளை ஃபிலிம்?

நாகர்கோவில், தக்கலைப் பகுதிகளின் பழைய திரையரங்குகளைப் படமெடுக்க இல்ஃபோர்டு நிறுவன ஃபிலிம்களான எஃப்பி4 பிளஸ், எச்பி5 பிளஸ் ஆகிய இரண்டில் எது உகந்தது என்பதை வெளிச்சமே தீர்மானிக்கிறது. முகப்பெழுத்து, உதிர்ந்த சுண்ணாம்பு, கடற்காற்றில் துருவேறிய டிக்கெட் கவுண்டர்க் கம்பி ஆகியவற்றை வெயிலில் எடுக்கும்போது, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 125 உடைய எஃப்பி4 தன் நுண்ணிய மணிகளால் (படத்தில் தெரியும் புள்ளிகள்) விவரங்களைக் காக்கிறது. அரங்கின் உள்ளிருட்டிலோ அதற்கு முக்காலி வேண்டும். நீண்ட நேரப் பதிவில் ஃபிலிமின் உணர்திறன் குறைவதால், ஒளிமீட்டர் 10 வினாடி காட்டினால் ஏறத்தாழ 18 வினாடி தேவைப்படும்.

ஐஎஸ்ஓ 400 உடைய எச்பி5ஐ ஐஎஸ்ஓ 1600 எனக் கணக்கிட்டு எடுத்து, டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டினால், கையில் பிடித்தே படமெடுக்கலாம். ஆனால் மணி பெரிதாகத் தெரியும், நிழல் விவரங்கள் மங்கும். அந்தச் சொரசொரப்பே மர நாற்காலிகளுக்குப் பொருந்துவதாக நான் கருதுகிறேன் (மூட்டைப்பூச்சி மட்டும் பதிவாவதில்லை). இரு பருவமழையும் பெறும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில், மேகமூட்டமான நாள்களில் முகப்புக்கும் எச்பி5 போதும்.