ஆயா படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட: திருப்பாதிரிப்புலியூர் கடை

ஆயாவின் (பாட்டியின்) முகம் பெரும்பாலும் ஒரு பாஸ்போர்ட் படத்திலோ, கல்யாணப் படத்தின் ஓரத்திலோதான் இருக்கும். அடுப்படியை விட்டு வந்து அவர்கள் படத்துக்கு நின்றதே குறைவு. அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக்கும் வேலையை, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் சாலைப் பக்கத்துக் கடை நன்றாகவே செய்கிறது.

செல்போனில் எடுத்த நகலை வாங்குவதில்லை. அசலைக் கேட்டு 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்கிறார்கள். 3.5 × 4.5 செ.மீ. படத்துக்கு இது சுமார் 1650 × 2125 பிக்சல் தரும். 8 × 10 அங்குலம் வரை முகம் தெளிவாக நிற்கும். 12 × 18 கேட்டால் கண்கள் மங்கிவிடும்.

திருத்தத்தில்தான் கவனம் வேண்டும். சுருக்கங்களை வழித்து, நரையைக் கறுப்பாக்கிவிட்டால் அது வேறு யாரோ. "கறை, கீறல், மடிப்பு மட்டும்" என்று எழுதிக் கொடுங்கள். மூக்குத்தி எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள். படம் இடவலம் மாறியிருந்தால் அதில்தான் பிடிபடும். அச்சுக்கு முன் வாட்ஸ்அப்பில் மாதிரி வரும். அதை வீட்டில் மூத்தவர்களிடம் காட்டிவிட்டுச் சரி சொல்வது நல்லது.

குறை ஒன்று: படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடும் மவுன்ட் அட்டையைக் கேட்டால்தான் வைக்கிறார்கள். கடலோர ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மேற்பூச்சு உரியும். 2 மி.மீ. அட்டையாவது கட்டாயம். பின்பலகை ஓரங்களை டேப்பால் அடைக்கச் சொல்லுங்கள், பூச்சி புகாது.

ஈர மாலையைச் சட்டத்தின் மேல் போட வேண்டாம், தண்ணீர் உள்ளே இறங்கும். இருபுறமும் சுவரில் தனி ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள்.