கார்டிசால் டெஸ்ட்: யூரினா, எச்சிலா, மாத்திரையா?

எங்க அக்காவுக்கு சுகர், பிபி ரெண்டும் எந்த மாத்திரைக்கும் அடங்கல, மூஞ்சி உருண்டையாகி வயிறு மட்டும் பெருத்து கை கால் சூம்பிப் போச்சு, தரைல உக்காந்தா கையை ஊனாம எழுந்திரிக்க முடியல. காலைல ஒரே ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து கார்டிசால் (உடம்புல சுரக்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன்) நார்மல்னு சொன்னாங்க, நாங்களும் நம்பி ஒரு வருஷத்த விட்டுட்டோம். கார்டிசால் பொதுவா காலைல உச்சத்துல இருந்து நடுராத்திரி அடிமட்டத்துக்கு வரும், குஷிங் (கார்டிசால் அளவுக்கு மீறிப் போற நோய்) இருக்கவங்களுக்கு அந்த ராத்திரி இறக்கம்தான் முதல்ல கெடும். அதனால காலை நம்பர வச்சு குஷிங் இல்லன்னு சொல்லவே முடியாது, இதுக்காக தயவுசெஞ்சு அந்த டெஸ்டுக்கு காசு கட்டாதீங்க.

சரியான டெஸ்ட் மூணு இருக்கு. 24 மணி நேர யூரின்ல, காலைல முதல் யூரின கீழ விட்டுட்டு அதுக்கப்புறம் மறுநாள் காலை வரைக்கும் ஒரு சொட்டு விடாம கேன்ல பிடிக்கணும், வேலைக்குப் போறவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், நடுவுல ஒரு தடவை விட்டாலும் ரிசல்ட் தப்பாகிடும், கிட்னி பிரச்சனை இருந்தா நம்பவும் முடியாது. ஆனா கர்ப்பிணிங்களுக்கு இதுதான் நல்லது.

எச்சில் டெஸ்ட் சுலபம், ராத்திரி 11லேர்ந்து 12க்குள்ள பஞ்ச வாயில வச்சு எச்சில்ல ஊற விட்டு டியூப்ல போட்டா முடிஞ்சுது, வீட்லயே எடுக்கலாம். ஆனா எல்லா லேப்லயும் கிடைக்காது, நைட் ஷிஃப்ட் பாக்கறவங்களுக்கு சரிப்படாது. யூரின், எச்சில் ரெண்டையுமே குறைஞ்சது ரெண்டு தடவையாவது எடுக்கணும்.

என் ஓட்டு டெக்சாமெத்தசோனுக்குத்தான், இது ஒரு ஸ்டீராய்டு மாத்திரை, குஷிங் இல்லாதவங்களுக்கு இத சாப்பிட்டா கார்டிசால் சுரக்கறது அடங்கிடும். ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் மாத்திரை, காலைல 8 மணிக்கு ரத்தம், அவ்ளோதான். ரத்தத்துல கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழ வந்தா குஷிங் இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. இதுலயும் கவனிக்க வேண்டியது இருக்கு, ஈஸ்ட்ரோஜன் இருக்கற கருத்தடை மாத்திரை, வலிப்புக்கு ஃபெனிடாயின், டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடறவங்களுக்கு இல்லாத நோய இருக்கற மாதிரி காட்டும், அதனால என்னென்ன சாப்பிடறோம்னு டாக்டர்கிட்ட ஒண்ணுவிடாம சொல்லிடுங்க.

இந்த மூணுக்கும் முன்னாடி ஒண்ணு. வீசிங்குக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு சாப்பிடறீங்களா, மூஞ்சி வெள்ளையாகணும்னு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் தடவறீங்களான்னு பாருங்க, குஷிங் அறிகுறி வர பெரும்பாலான காரணம் அதுதான். அதுக்காக நீங்களா டக்குன்னு நிறுத்திடாதீங்க, உடம்பு சொந்தமா கார்டிசால் சுரக்க மறந்திருக்கும், உயிருக்கே ஆபத்தாகிடும். டாக்டர் படிப்படியாத்தான் குறைப்பாங்க.

ரெண்டு விதமான டெஸ்ட்ல கூடுதலா வந்தாத்தான் அடுத்து ஏசிடிஎச் (கார்டிசால சுரக்கச் சொல்ற ஹார்மோன்) பாப்பாங்க, அது ரொம்பக் குறைவா இருந்தா கிட்னிக்கு மேல இருக்கற அட்ரீனல் சுரப்பில கட்டி, இல்லன்னா பெரும்பாலும் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில கட்டி. அக்காவுக்கு பிட்யூட்டரி, மூக்கு வழியா ஆபரேஷன். கீட்டோகோனசோல் மாதிரி மாத்திரைலயும் கார்டிசால குறைக்கலாம், ஆனா கல்லீரல அடிக்கடி டெஸ்ட் பண்ணணும், கட்டி அப்படியே இருக்கும், அதனால முடிஞ்சவங்களுக்கு ஆபரேஷன்தான் முதல் வழி. அஸ்வகந்தா பொடிய நம்பி யாரும் இத தள்ளிப் போடாதீங்க.

இப்ப அக்கா கார்டிசாலுக்குப் பதிலா ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எடுத்துக்கறா, மீதி சுரப்பி முழிச்சுக்க மாசக்கணக்காகுமாம். காய்ச்சல் வந்தா டோஸ கூட்டணும்னு பர்ஸ்லயே ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கா.