ஓவியத்திலிருந்து நூலுக்கு: படத்தை எடுப்பதா, நிறத்தை எடுப்பதா, தூரிகை ஓட்டத்தை எடுப்பதா?

ஒரு புகழ்பெற்ற ஓவியம் மனதைப் பிடித்துவிட்டால், ஊசியும் நூலுமாக இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் தேடுவது அதன் கிராஸ் ஸ்டிச் (கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறித் தையல்) சார்ட்டைத்தான். வான்கோவின் ‘விண்மீன் இரவு’ என்றால் சுழலும் வானம், சைப்ரஸ் மரம், கீழே தூங்கும் ஊர் எல்லாமே துணியில் வந்தாக வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் ஓர் ஓவியத்திடமிருந்து நாம் வாங்கிக்கொள்ளக்கூடியவை நாலு: முழுப் படம், நிறம், தூரிகை ஓடிய விதம், படத்தின் கட்டமைப்பு. நாலுக்கும் ஆகிற நேரம் வேறு, கிடைக்கிற பலனும் வேறு. என் ஓட்டு நிறத்துக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக மற்ற மூன்றையும் கழித்துக் கட்டவில்லை.

முழுப் படம்: கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்

‘விண்மீன் இரவு’ 1889 ஜூனில் வரையப்பட்டது. உயரம் 73.7 செ.மீ., அகலம் 92.1 செ.மீ. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள சாதாரண ஐடா துணியில் இதை அசல் அளவிலேயே தைப்பதென்றால் குறுக்கே 500க்கு மேல், நெடுக்கே 400க்கு மேல். மொத்தம் இரண்டு லட்சத்தைத் தாண்டும் தையல்கள். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை, 25 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கிவிடுவார்கள். அப்போது தையல் எண்ணிக்கை சுமார் 15,000 ஆகிறது. நிம்மதிதான். ஆனால் ஒவ்வொரு தையலும் அசல் ஓவியத்தில் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் சதுரத்தை விழுங்கிவிடுகிறது. வான்கோ ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் வேறு நீலத்தில் இன்னொரு கோடு இழுத்து, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வானத்தைச் சுழலவிட்டிருக்கிறார். அந்த இரண்டு கோடுகளும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, ஒரே சராசரி நீலமாகிவிடும். ஊரில் எரியும் ஜன்னல் விளக்கு ஒற்றை மஞ்சள் தையல். தூரத்திலிருந்து பார்த்தால் படம் தெரியும், ஓட்டம் தெரியாது.

ஊசிப் பின்னலில் இன்னொரு வம்பு. பின்னலின் ஒரு கண்ணி (நூல் வளையம்) சதுரமல்ல. அகலம் கூட, உயரம் குறைவு. 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை வருகிற நூலை எடுத்துக்கொள்வோம். சதுரக் கட்டத் தாளில் 30க்கு 30 கட்டத்தில் அழகாக ஒரு நிலாவை வரைந்து, அதைப் பார்த்துப் பின்னினால், 13.6 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள நசுங்கிய நிலா வரும். இதற்கென்றே கண்ணி அளவுக் கட்டத் தாள்கள் இருக்கின்றன. படத்தை அதில் வரைந்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஓவியத்தை நூலில் அப்படியே கொண்டுவரும் பாடு நம்மோடு தொடங்கியதுமில்லை. ஸ்பெயினின் அரச நெசவுக்கூடத்துக்கு ஓவியர் கோயா வரைந்து கொடுத்த மாதிரிகளில் ஒன்று, 1778இல் வந்த ‘கிட்டார் வாசிக்கும் பார்வையற்றவர்’. இதை நெய்வது கஷ்டம் என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோயா திருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. சம்பளத்துக்கு நெய்கிற தேர்ந்த கைகளே மறுத்த வேலையை, நாம் சாயங்கால நேரத்தில் செய்து முடிக்கப் பார்க்கிறோம்.

முழுப் படம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், எண்ணெய் வண்ணத்தை விட்டுவிட்டு அச்சுக்கலைப் பக்கம் போங்கள். ஹொக்குசாயின் ‘பேரலை’ 1831 வாக்கில் வந்த மரக்கட்டை அச்சு. அளவு 25.7க்கு 37.9 செ.மீ.தான். தட்டையான நிறப் பரப்புகள், கையளவு நிறங்கள், தெளிவான விளிம்புகள். அசல் அளவிலேயே தைத்தாலும் 30,000 தையலுக்குள் அடங்கும். நகம் போல வளைந்து நிற்கும் நுரையை மட்டும் கடைசியில் பின்தையலால் கோடு போட்டுவிட்டால், சுருக்காமலேயே படம் கைக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரதிகளில் பேர் வாங்கியது, 1955இல் ஜாக்குலின் தெ லா போம் துர்பாக் நெய்த ‘குவர்னிகா’ திரைச்சீலை. பிக்காசோவின் அசல் கருப்பு, வெள்ளை, சாம்பல். நெய்ததில் பழுப்புகள் வந்து சேர்ந்திருக்கின்றன. பல ஆண்டுகள் ஐ.நா. பாதுகாப்புச் சபை அரங்கின் வாசலில் தொங்கிய அந்தத் துணியும் அச்சு அசலான பிரதி இல்லை.

நிறம்: நூலிடமிருந்து போனது, நூலுக்கே திரும்புகிறது

பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் வேதியியலாளர் மிஷெல் யூஜின் செவ்ரல். சில கருப்பு நூல்கள் மங்கித் தெரிகின்றன, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கருப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதைச் சோகையாகக் காட்டியிருக்கின்றன. ஒரு நிறத்தை அதன் பக்கத்து நிறம் மாற்றிக் காட்டுகிறது என்ற விதியை அவர் 1839இல் புத்தகமாக்கினார். அதைப் படித்தவர்களில் ஒருவர் ஓவியர் ஜோர்ஜ் சூரா. புள்ளி புள்ளியாக அவர் வைத்த ‘கிராந்த் ஜாத்’ ஓவியத்துக்குப் பின்னால் இருக்கும் சிந்தனையின் ஒரு வேர், ஒரு சாயப் பட்டறைப் புகாரில் இருக்கிறது.

வான்கோ இன்னும் ஒரு படி மேலே போனார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது நன்றாக இருக்கும் என்று பார்க்க, கம்பளி நூல்களைச் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுற்றி ஒரு சிவப்பு அரக்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஒரே உருண்டையில் இரண்டு மூன்று நிற இழைகள். அந்தப் பெட்டி ஆம்ஸ்டர்டாமில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியரே நூலைப் பார்த்து நிறம் தேர்ந்திருக்கிறார். அப்புறம் நாம் அவர் ஓவியத்தைப் பார்த்து நூல் தேர்ந்தால் அது திருட்டாகுமா என்ன!

நிறத்தை எடுக்கும்போது பலரும் அளவைக் கோட்டை விடுகிறார்கள். ஃபெர்மேரின் ‘முத்துத் தோடணிந்த பெண்’ ஓவியத்தைப் பாருங்கள். பின்னணியில் இருட்டு, மேலாடையில் மண் மஞ்சளும் பழுப்பும், தலைத்துணியில் நீலமும் இளமஞ்சளும், முகத்தின் வெளிர் நிறம், உதட்டில் சிவப்பு, கழுத்தோரத்திலும் முத்திலும் வெள்ளை. இந்த நிறங்களுக்குச் சரியான நூல்கண்டுகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் நாலு வரிசை என்று சால்வை பின்னினால், அது ஏதோ ஒரு கோடு போட்ட சால்வை, அவ்வளவுதான். ஃபெர்மேர் அதில் இல்லை. அசலில் இருட்டுதான் வீட்டுக்காரர். மற்றவர்கள் எல்லாம் விருந்தாளிகள். வெள்ளை ஒரு கீற்று, சிவப்பு அதைவிடக் குறைவு. அந்த விகிதத்தை விடாமல் பின்னினால், படம் எதுவும் இல்லாமலேயே அந்த ஓவியத்தின் அமைதி வந்துவிடும்.

விகிதத்தை எப்படி எடுப்பது? ஓவியத்தின் படத்தின் மேல் 10க்கு 10 கட்டம் போடுங்கள். நூறு கட்டத்தில் எந்த நிறம் எத்தனையில் ஓங்கியிருக்கிறது என்று எண்ணினால் சதவீதம் கையில். அப்புறம் ஒரு நீள அட்டையில், அதே விகிதத்தில் நூல்களைப் பக்கம் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. ஒரு மாசத் தப்பைத் தடுத்துவிடும். அட்டையைக் கருப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்தால், வெவ்வேறு நிறம் என்று நினைத்த இரண்டு நூல்கள் ஒரே அழுத்தத்தில் கலந்து மறைவதும் தெரியும். திரையில் தெரியும் நிறத்தை மட்டும் நம்பி நூல் வாங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் நூலோடு நூலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தறியில் நெய்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பாவில் (நெடுக்கு இழை) சிவப்பு, ஊடையில் (குறுக்கு இழை) பச்சை என்று மெல்லிய நூல்களைக் குறுக்கும் நெடுக்கும் விட்டால், எட்ட நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் கலந்து சேற்றுப் பழுப்பாகிவிடும். அதே சிவப்பும் பச்சையும் அகலமான பட்டைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். செவ்ரல் கண்ட விதி பட்டைகளில்தான் வேலை செய்கிறது; மெல்லிய நூல்களைக் கண்ணே கலந்துவிடுகிறது.

இந்த வழியின் பெரிய வசதி, அது கைவேலையின் வகை பார்க்காது என்பதுதான். குரோஷா, பின்னல், நெசவு, ஒட்டுத்துணி, எதற்கும் சரி. சட்டை முழங்கையில் கிழிசலை இழை ஓட்டி அடைக்கும்போதுகூட, ஊடைக்கு மொனேயின் அல்லிக் குளத்திலிருந்து மூன்று நிறம் எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் மீதி நூலே போதும். குறை? எந்த ஓவியம் என்று யாருக்கும் தெரியாது. ஓவியத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டு மகிழ வேண்டியவருக்குப் பரிசு என்றால் இந்த வழி பிரயோஜனப்படாது.

தூரிகை ஓட்டம்: கை எம்பிராய்டரிக்காரர்களின் கோட்டை

பரிசுக்கு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கட்டங்களில் செத்துப்போன அந்த ‘விண்மீன் இரவு’ இங்கே உயிர் பெறுகிறது. முழுப் படத்தை மறந்துவிட்டு, நிலாவையும் அதைச் சுற்றிய ஒளி வளையங்களையும் மட்டும் ஒரு சின்ன வளையச் சட்டத்துக்குள் எடுங்கள். வான்கோவின் ஒவ்வொரு தூரிகைக் கோட்டுக்கும் ஒரு தையல். காம்புத் தையல் வளைவில் அழகாகத் திரும்பும். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் நிலாவுக்குப் பக்கத்தில் நாலு இழை, வெளியே போகப் போக இரண்டு என்று குறைத்தால், அவருடைய கெட்டி வண்ணத்தின் மேடு பள்ளமும் கொஞ்சம் கைக்குத் தட்டுப்படும்.

நூலிடம் ஒரு வித்தை இருக்கிறது, வண்ணத்திடம் அது கிடையாது. பளபளப்புள்ள ஒரே நீல நூலை ஒரு பக்கம் படுக்கையாகவும் பக்கத்தில் நெட்டாகவும் தைத்துப் பாருங்கள். ஒன்று வெளுத்தும் மற்றது கருத்தும் தெரியும். வெளிச்சம் இழையின் திசைக்கு ஏற்பத் திரும்புகிறது. அதனால் தையலின் திசையை மட்டும் ஓவியத்திலிருந்து எடுத்துக்கொண்டு, வானம் முழுவதையும் ஒரே நீலத்தில் தைத்தாலும் சுழல் தெரியும்.

எல்லா ஓவியருக்கும் இது ஒத்துவராது. க்ளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியத்தின் தங்கத் தகட்டுக்குத் தையலைவிட, ஜரிகையைத் துணிமேல் படுக்கவைத்து மெல்லிய நூலால் அங்கங்கே கட்டிப் பிடிப்பது பொருத்தம். சூராவுக்கு முடிச்சுத் தையல் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சுலபம், அசல் கிட்டத்தட்ட 2 மீட்டருக்கு 3 மீட்டர். குடை பிடித்த பெண்ணின் ஒரு மூலையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். மொனேயின் கடைசிக் கால அல்லிகளுக்கு ஊசியே வேண்டாம், கம்பளியை ஈரத்தில் தேய்த்து ஃபெல்ட் ஆக்குங்கள். இழைகள் விளிம்பில் தானாகக் கரையும்.

குரோஷாவும் பின்னலும் மட்டுமே தெரிந்தவர்களுக்கு இந்த வழி கிட்டத்தட்ட மூடின கதவு. அவற்றில் வரிசை போகிற பக்கம்தான் நூல் போகும்.

கட்டமைப்பு

இதில் சுருக்கமாகப் பேசலாம். மோன்ட்ரியான் என்றால் கருப்புக் கோடு, சிவப்பு, நீலம், மஞ்சள். ஒட்டுத்துணித் தையலுக்கென்றே வரைந்தது போல இருக்கும். 1965இல் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் அதைக் கம்பளி ஜெர்சித் துணியில் உடைகளாக்கினார். நிறங்கள் துணியில் அச்சடித்தவை அல்ல, துண்டு துண்டாக வெட்டி இணைத்தவை. ஆனால் மோன்ட்ரியான் பேரில் செய்யும் தலையணை உறைகள் பல, மூன்று நிறங்களையும் சமமாகப் பரப்பிக் கெடுத்துவிடுகின்றன. 1930இல் வரைந்த சிவப்பு, நீலம், மஞ்சள் ஓவியத்தில் வலது மேல்பக்கம் பெரும்பகுதி சிவப்பு, இடது கீழ்மூலையில் சின்ன நீலம், வலது கீழ்க்கோடியில் மஞ்சள் கொஞ்சூண்டு. கோடுகளின் தடிமனும் ஒன்றுபோல் இல்லை. இந்தச் சமமின்மையை எடுக்காவிட்டால் மிஞ்சுவது சதுரங்கப் பலகைதான்.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. ஓவியர் சோனியா தெலோனே 1911இல் தன் குழந்தைக்காகத் துண்டுத் துணிகளை ஒட்டி ஒரு போர்வை தைத்தார். அதன் நிறத் துண்டுகளிலிருந்தே அவருடைய அரூப ஓவியத்தின் பாதை திறந்தது. அந்தப் போர்வை பாரிஸில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

சரி, எதைத் தேர்வது? கையில் அரை மணி நேரமும் கூடை நிறைய மிச்ச நூலும் இருந்தால் நிறம். ஊசி நன்றாக ஓடும் கை என்றால் தூரிகை ஓட்டம். துணி வெட்டித் தைப்பவர் கட்டமைப்பைப் பார்க்கலாம். முழுப் பிரதி, பொறுமையே பொழுதுபோக்காக உள்ளவருக்கு. அதுவும் ஹொக்குசாய் போல ஆளைப் பார்த்து.

எந்த வழியானாலும் பெரிய படம் தேவை. கோடு தெரியாத சின்னப் படத்தை வைத்துக்கொண்டு தூரிகை ஓட்டத்தைப் படிக்க முடியாது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம், சிகாகோ கலை நிறுவனம் ஆகியவை பதிப்புரிமை முடிந்த ஏராளமான ஓவியங்களின் உயர்தரப் படங்களை இலவசமாகத் தருகின்றன. செய்ததை விற்கும் எண்ணம் இருந்தால் ஓவியர் இறந்த ஆண்டையும் பாருங்கள். பல நாடுகளில் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ஃபெர்மேர், ஹொக்குசாய், வான்கோ, க்ளிம்ட், மொனே பற்றிக் கவலையில்லை. 1970இல் இறந்த ஓவியர் ரோத்கோவும் 1973இல் இறந்த பிக்காசோவும் அப்படியல்ல. அவர்களுடைய படத்தை அப்படியே தைத்து விற்பது வில்லங்கம். அவர்கள் ஓவியத்தின் நிறங்களை மட்டும் எடுத்து ஒரு சால்வை பின்னி விற்றால் பொதுவாக யாரும் கேட்கப்போவதில்லை.