இரைப்பையை வெட்டிய பிறகு: எந்த இணைப்பு யாருக்கு?

இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "கட்டி முழுசா வந்துடுச்சா டாக்டர்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கட்டி போன இடத்தில் உணவுப் பாதையை எப்படி மறுபடி கோர்த்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். அந்த நோயாளி இனி சாப்பிடுகிற ஒவ்வொரு வேளையிலும் அந்தத் தையலுக்குப் பங்கு உண்டு.

முதலில் கட்டி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்கள். இவர்களுக்கு மேலே கொஞ்சம் இரைப்பை மிஞ்சும். அதை எதோடு இணைப்பது என்பதில்தான் நூறு வருடத்துக்கும் மேலாகப் போட்டி.

1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ராத் செய்ததுதான் பில்ராத் 1. மிச்ச இரைப்பையை நேராக முன்சிறுகுடலோடு தைப்பது. ஒரே ஒரு இணைப்பு, பழைய பாதை. இரும்புச்சத்தை அதிகம் உறிஞ்சுகிற முன்சிறுகுடல் வழியாகவே உணவு போகும். ஆனால் இரைப்பையை நிறைய வெட்டியிருந்தால் இரண்டு முனைகளும் எட்டாது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையல் கசியும். கட்டி கீழே ஒட்டியிருக்கிறது, மேலே போதுமான இரைப்பை மிஞ்சுகிறது என்றால் மட்டுமே இது சரிப்படும்.

1885இல் அதே பில்ராத் செய்தது பில்ராத் 2. முன்சிறுகுடலின் முனையை மூடிவிட்டு, அதற்கு அடுத்த பகுதியான ஜெஜுனத்தை வளைத்து மேலே கொண்டுவந்து, அதன் பக்கவாட்டில் இரைப்பையை இணைப்பது. இழுவிசை இல்லை, செய்வதும் எளிது. சிக்கல் என்னவென்றால், ஈரலிலிருந்தும் கணையத்திலிருந்தும் வருகிற நீர் முழுவதும் அந்த வளைவு வழியாக, இரைப்பை இணைப்பைத் தொட்டுக்கொண்டுதான் கீழே இறங்க வேண்டும். இரைப்பைச் சுவர் பித்தநீருக்காகப் படைக்கப்பட்டதல்ல. எரிச்சல், கசப்பு வாந்தி, வருடக்கணக்கில் புண். அந்த வளைவு மடங்கி அடைத்துக்கொண்டால் சாப்பிட்டதும் மேல்வயிறு கல் மாதிரி வலிக்கும். அப்புறம் திடீரென்று பச்சையாக வாந்தி வரும், வந்ததும் வலி விட்டுவிடும். உள்ளே வருகிற குடலையும் வெளியே போகிற குடலையும் கீழே ஓரிடத்தில் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் பித்தநீரில் ஒரு பங்கு குறுக்கே போய்விடும். பிரௌன் இணைப்பு என்று இதற்குப் பெயர். உதவுகிறது, ஆனால் முழுத் தீர்வு இல்லை.

மூன்றாவது, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து சீசர் ரூவின் பெயரில் வழங்கும் ரூ-என்-ஒய். ஜெஜுனத்தை வெட்டி, கீழ் முனையை மேலே கொண்டுவந்து இரைப்பையோடு தைப்பார்கள். பித்தநீரைக் கொண்டுவருகிற மேல் முனையை அந்த இணைப்பிலிருந்து பொதுவாக 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கீழே தள்ளிச் சேர்ப்பார்கள். அவ்வளவு தூரத்தை எதிர்த்து ஏறி வருவது பித்தநீருக்குக் கடினம். நெஞ்செரிச்சல் குறைவு, மிச்ச இரைப்பையும் ஆரோக்கியமாக இருக்கும்.

அப்படியென்றால் எல்லோருக்கும் ரூ-என்-ஒய் போட்டுவிடலாமே? அதற்கும் விலை உண்டு. வெட்டிய குடல் அதன் இயல்பான அசைவை இழப்பதால் சிலருக்கு உணவு மேலேயே தேங்கி, இரண்டு வாய்க்கே வயிறு அடைத்துக்கொள்ளும். குடலை மேலே தூக்கும்போது அதன் பின்னால் ஓர் இடைவெளி உண்டாகும். பீட்டர்சன் இடைவெளி என்பார்கள். உடல் இளைத்துக் கொழுப்பு கரையக் கரைய அந்தச் சந்து பெரிதாகும். வருடங்கள் கழித்தும் அதற்குள் சிறுகுடல் நழுவி முறுக்கிக்கொள்ளலாம். இப்போது பல சர்ஜன்கள் ஆபரேஷனிலேயே அதைத் தைத்து மூடுகிறார்கள். இந்த இணைப்பு போட்டவருக்கு எத்தனை வருடம் கழித்து என்றாலும் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால், கேஸ் என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. சிடி ஸ்கேன் வேண்டும்.

இன்னொன்று பித்தப்பைக் கல். இந்த ஆபரேஷனில் பித்தப்பையைச் சுருங்க வைக்கிற வேகஸ் நரம்பின் கிளைகளும் போய்விடுவதால் பிற்பாடு கல் வருவது சகஜம். அது பித்தக்குழாயில் இறங்கினால் எண்டோஸ்கோபி வழியாக எடுக்க வேண்டும். பில்ராத் 1இல் எண்டோஸ்கோப் நேராகப் பித்தக்குழாயின் வாயை எட்டும். ரூ-என்-ஒய்யில் நீளமான குடலைச் சுற்றிப் போக வேண்டும், அதற்குத் தனிக் கருவியும் கைப்பழக்கமும் தேவை. அதனால்தான் டிஸ்சார்ஜ் சம்மரியில் இணைப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள், ஒரு சின்னப் படமும் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எடை விஷயத்தில் பலர் நினைப்பது போல வித்தியாசம் இல்லை. ஜப்பானில் 332 பேரிடம் பில்ராத் 1ஐயும் ரூ-என்-ஒய்யையும் சீட்டுக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் இரு பக்கமும் எடை சுமார் 9 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது, ஏறக்குறைய சமம். வேறுபட்டது எதுக்களிப்பும் மிச்ச இரைப்பையின் புண்ணும். அங்கே ரூ-என்-ஒய் முந்தியது. என் கணக்கில், இரைப்பை நன்றாக மிஞ்சியிருந்து, ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இல்லாதவர் என்றால் பில்ராத் 1. மிஞ்சியது சிறிதென்றால் ரூ-என்-ஒய். வயதானவர், உடம்பு தாங்காது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால் பில்ராத் 2, முடிந்தால் பிரௌனோடு.

எதைப் போட்டாலும் டம்பிங் வரலாம், அதாவது சாப்பிட்டது மொத்தமாகக் குடலில் கொட்டுவதால் வரும் தொல்லை. இரைப்பையின் கீழ்வாயில் இருந்த தசை வளையம் போய்விட்டதே. என் பெரியப்பா பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். அரைமணிக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுக்க வைக்க வேண்டியதாயிற்று. இனிப்பு ஒரே மூச்சில் குடலில் இறங்கியதன் விளைவு. இப்போது பெரியம்மா ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒரு வேளைக்கு ஒரு இட்லி, இல்லை அரைக் கரண்டி சாதம் என்று பிரித்துக் கொடுக்கிறார். தண்ணீர் சாப்பாட்டோடு இல்லை, தள்ளித்தான்.

கட்டி மேல்பகுதியில் இருந்தால் கதை வேறு. முழு இரைப்பையையும் எடுத்தால் உணவுக்குழாயை ஜெஜுனத்தோடு இணைக்க வேண்டும், அதில் ரூ-என்-ஒய்தான் வழக்கம். ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்திருந்தால் மேல்பாதியை மட்டும் எடுத்து, கீழ்ப்பாதியைக் காப்பாற்றலாம். அதை உணவுக்குழாயோடு நேராகத் தைத்தால் அமிலம் மேலேறி மனிதரைத் தூங்க விடாது. அதனால் கொரியாவிலும் ஜப்பானிலும் இரட்டைப் பாதை முறையைக் கையாள்கிறார்கள். உணவுக்குழாயிலிருந்து இறங்குகிற ஜெஜுனத்தின் பக்கவாட்டில் மிச்ச இரைப்பையையும் இணைப்பது. உணவில் ஒரு பங்கு இரைப்பைக்குள், ஒரு பங்கு நேராகக் குடலுக்குள். கூடுதலாக ஒரு இணைப்பு, கூடுதல் நேரம். கொரியாவின் கிளாஸ்-05 ஆய்வில் இதையும் முழு நீக்கத்தையும் வைத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபினில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வைட்டமின் பி12 கொடுக்க வேண்டிய தேவை இரட்டைப் பாதையில் தெளிவாகக் குறைந்தது. ஆரம்ப நிலைக் கட்டி, பழகிய சர்ஜன் என்றால் நான் இதன் பக்கம்தான். நம் ஊரில் பெரும்பாலானோர் முற்றிய பிறகே வருவதால் இந்த வாய்ப்பு சிலருக்கே கிடைக்கிறது.

முழு இரைப்பையும் போனவர்களுக்கு பி12 ஊசி வாழ்நாள் முழுக்க. ஈரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்கும் என்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஊசியை நிறுத்திவிட்டால் மூன்றாம் நான்காம் வருடத்தில் கால் மரத்துப்போய், நடை தடுமாறும். அந்த நரம்புச் சேதம் பிறகு ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.