சிவிலைசேஷன் 6: 1,300 மணி நேரம் ஆகியும் எதிரி வரவில்லை

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸாப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். சிவிலைசேஷன் 6 என்ற கம்ப்யூட்டர் கேம், டி.எல்.சி. எனப்படும் கூடுதல் இணைப்புகள் எல்லாம் சேர்த்து, தள்ளுபடியில். கீழே ஒரே வரி: “மச்சான், ரெண்டு பிரியாணி விலைக்குக் குடுக்கிறான், வாங்கலாமா?”

நான் இதை 2017இல் வாங்கியவன். அன்றைக்குக் கொடுத்த விலையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கேம் விற்கும் தளமான ஸ்டீம் காட்டும் கணக்கு 1,300 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவு நேரம் ஒரு கேமில் கிடந்தவன் “தாராளமா வாங்கு” என்றுதானே சொல்ல வேண்டும்? டைப் செய்தேன், அழித்தேன், மறுபடி டைப் செய்தேன். கடைசியில் “வாங்காதே” என்று அனுப்பினேன். “ஏன்டா?” என்று கேட்டான். அதற்குப் பதில் போனில் அடங்காது, அதனால் இங்கே.

படம், இசை, அது ஓடுவதற்கு எந்த மாதிரி கம்ப்யூட்டர் வேண்டும் என்பதெல்லாம் எல்லாரும் எழுதியாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது முறை வைத்து ஆடும் ஆட்டம், ஆளுக்கு ஒரு முறை ஆடி முடித்தால் ஒரு டர்ன். முதல் 60 டர்னுக்கு இணையான சுகம் வேறு எந்த கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மேப் இருட்டாக இருக்கும். ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, மலைத்தொடருக்கு அடியில் அறிவியலுக்கான கேம்பஸ் போட இடம் இருக்கிறதா, அந்த அரிசி வயலை அடுத்தவன் எடுப்பதற்குள் நாம் எட்டிவிடுவோமா என்று ஒவ்வொரு கட்டமும் ஒரு கணக்கு. ஒவ்வொரு நாட்டின் பாட்டும் காலம் போகப் போக வாத்தியம் சேர்ந்து பெரிதாகிக்கொண்டே வரும். ஊர் கட்டுகிற ஆட்டமாக மட்டும் பார்த்தால் இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் குறை எதிரில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றியது, அதாவது நமக்கு எதிராக ஆடும் கணினியைப் பற்றியது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். லெவல் டெய்ட்டி, அதாவது எட்டு லெவலில் கடைசி. பக்கத்து நாடு ரோம், கணினி ஆடும் அதன் தலைவன் டிராஜன். என் இரண்டாவது ஊர் ஒரு மலைக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்தது. வாசல் இரண்டு கட்டம் அகலம். சுவர் கட்டி முடித்து மூன்று டர்ன்தான் ஆகியிருந்தது. உள்ளே ஒரே ஒரு வில்லாளி. டிராஜன் பதினோரு படைகளோடு எல்லையில் வந்து நின்றான். எனக்கு நிஜமாகவே நெஞ்சு படபடத்தது. இன்றைக்குத் தூக்கம் போச்சு, பரவாயில்லை, இதற்குத்தானே காசு கொடுத்தோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் இரண்டு குதிரைப்படை வந்து சுவரில் முட்டின. பாதி உயிரோடு திரும்பின. அப்புறம் கவண் வந்தது. சுவரை உடைக்க அவனிடம் இருந்த உருப்படியான சாமான் அது ஒன்றுதான். வந்தது, அடுத்த டர்னில் பின்னால் போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. ஒரு கல் கூட விழவில்லை. அது நகர்ந்த டர்னிலேயே சுட முடியாது, நின்ற இடத்தில் ஒரு டர்ன் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை அதற்குக் கிடையாது. என் அம்பு எட்டும் தூரத்தில் நிற்கிறோம் என்று தெரிந்ததும் விலகுகிறது, தாக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று நினைவு வந்ததும் திரும்பி வருகிறது. வாசலில் இடமில்லாமல் ரோமின் காலாட்படையான லீஜன் இரண்டு ஏரியில் இறங்கின. தண்ணீரில் இறங்கிய படையை அடிப்பது பாவம் என்று கூடத் தோன்றியது. அடித்தேன்.

பதினெட்டு டர்ன் இப்படியே போனது. என் வில்லாளி மூன்று பதவி உயர்வு வாங்கிவிட்டான். கடைசியில் டிராஜனே சமாதானம் கேட்டு வந்தான். தங்கமும் தந்தான், கூடவே ஒரு ஊரையும் எழுதிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். கொஞ்ச காலம் கழித்து அதே டிராஜன் என்னைப் போர்வெறியன் என்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி கண்டனம் செய்தான்.

ஒரு தடவை என்றால் சிரித்துக்கொண்டே கதை சொல்லலாம். எனக்கு இத்தனை வருடமாக இதே கதைதான்.

“லெவலை ஏற்று” என்பார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். லெவலை ஏற்றினால் கணினிக்கு மூளை ஏறுவதில்லை. சலுகைதான் ஏறுகிறது. பிரின்ஸ் என்ற நடு லெவலில் இரண்டு பக்கமும் சமம். அதற்கு மேலே போகப் போக உற்பத்தி, தங்கம், அறிவியல், கலாசாரம் எல்லாவற்றிலும் அதற்குச் சதவீதக் கணக்கில் போனஸ். டெய்ட்டியில் தொடக்கத்திலேயே, புது ஊர் கட்டும் செட்லர் நமக்கு ஒன்று, அதற்கு மூன்று. அதன் ஒவ்வொரு படைக்கும் சண்டையில் 4 புள்ளி கூடுதல். யோசிக்கிற விதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சின்ன வயதில் அப்பத்தாவோடு பல்லாங்குழி ஆடுவேன். நான் தோற்று அழுவேன் என்று முன்னாலேயே என் பக்கத்துக் குழிகளில் புளியங்கொட்டையைக் கூட்டிப் போடுவாள். அப்படியும் தோற்பேன். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குக் கண்ணாலேயே தெரியும், எனக்கு எண்ணினாலும் தெரியாது. டெய்ட்டி லெவல் கணினி என்பது அந்த ஆறு வயது நான்தான், மடி நிறையப் புளியங்கொட்டையோடு.

இதனால் ஆட்டத்தின் வடிவமே கோணலாகிவிடுகிறது. முதல் 50 டர்னில் மட்டும் உண்மையான பயம் இருக்கும். மூன்று ஊரோடு தொடங்கியவன் கும்பலாக வந்தால் சுவர் எழும்பாத ஊர் போய்விடும். அதைத் தாண்டிவிட்டால் முடிந்தது. டர்ன் 120 வாக்கில் நான்தான் ஜெயிப்பேன் என்று எனக்குத் தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் நூற்றுச் சொச்சம் டர்னும் அடுத்த டர்ன் பட்டனை அழுத்துகிற வேலை. என் சேவ் பட்டியலில் முடிக்காமல் விட்ட ஆட்டங்கள் முடித்தவற்றைவிட எவ்வளவோ அதிகம்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். கைப்பேசியில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல் நம் குகேஷையே தோற்கடிக்கும், இந்தப் பெரிய கேமுக்கு ஒரு கவணை நகர்த்தத் தெரியவில்லையே என்று நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் செஸ்ஸில் ஒரு முறைக்கு ஒரு காய். 64 கட்டம். நூற்றாண்டுகளாக மாறாத விதிகள். இங்கே ஒரு டர்னில் முப்பது படையையும் நகர்த்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் போக டஜன் கணக்கில் இடம், கூடவே பத்து ஊர்களின் வேலைப் பட்டியல். நாம் அடுத்த டர்னுக்கு அரை நிமிடம் காத்திருந்தாலே கொட்டாவி விடுகிறோம். அதற்குள் எல்லா எதிரிகளும் யோசித்து முடிக்க வேண்டும். போதாததற்கு, ஒவ்வொரு டி.எல்.சி.யும் விதிகளை மாற்றிவிடும். 2018இல் ஊர்களின் விசுவாசம், கவர்னர்கள், 2019இல் வெள்ளம், எரிமலை. 1997இல் காஸ்பரோவைத் தோற்கடித்த செஸ் கணினி டீப் ப்ளூவைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் இங்கே விழிக்கத்தான் செய்யும்.

பழைய பாகங்களை ஆடியவர்களுக்கு இன்னொரு காரணமும் தெரியும். 2005இல் வந்த நான்காம் பாகத்தில் ஒரே கட்டத்தில் எத்தனை படையை வேண்டுமானாலும் குவிக்கலாம். கணினிக்கு அது தோது. எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து நம் ஊர் வாசலில் இறக்கிவிடும். அழகில்லாத சண்டைதான், ஆனால் பயமாக இருக்கும். 2010இல் ஐந்தாம் பாகம் அறுகோணக் கட்டத்துக்கும் ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்ற விதிக்கும் மாறியது. மனிதனுக்கு அது பொன்னான மாற்றம். மலை இடுக்கை அடைக்கலாம், வில்லாளியை ஆற்றுக்குப் பின்னால் நிறுத்தலாம். கணினிக்கோ அன்றிலிருந்து போர் என்பது டிராஃபிக் ஜாம். முன்னால் போனவன் நகராமல் பின்னால் வருபவன் வர முடியாது, பின்னால் இருப்பவனிடம்தான் கவண் இருக்கிறது. ஆறாம் பாகமும் அதே விதியைத்தான் வைத்துக்கொண்டது.

நான்காம் பாகத்தை வடிவமைத்த சோரன் ஜான்சன் 2008இல் கேம் உருவாக்குநர்கள் மாநாட்டில் இதைப் பற்றியே பேசினார். பேச்சின் தலைப்பே தோற்பதற்காக ஆடுவது என்ற பொருளில்தான் இருந்தது. கணினியின் வேலை ஜெயிப்பது மட்டுமில்லை, ஆடுபவனுக்கு ஆட்டம் ருசிக்கும்படி நடந்துகொள்வதும்தான் என்பது வாதம். ஒப்புக்கொள்கிறேன். தோற்கட்டும். தோற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கவணைச் சுடட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதற்குமேல் முடியாது என்பதையும் நான் நம்பவில்லை. ஐந்தாம் பாகத்தின் உள்நிரலை வெளியே விட்டார்கள், ரசிகர்கள் உட்கார்ந்து வாக்ஸ் பாப்புலி என்று ஒரு மாட், அதாவது கேமை மாற்றியமைக்கும் இணைப்பு, செய்தார்கள். சம்பளமில்லாமல் ராத்திரி வேலை பார்த்தவர்கள் செய்த எதிரி அது. அதே அறுகோணக் கட்டத்தில், கப்பலையும் குதிரையையும் சேர்த்து நகர்த்தி என்னை மூன்று ஆட்டம் தொடர்ந்து மண்ணைக் கவ்வ வைத்தது.

ஆறாம் பாகத்தின் கணினிக்கு நன்றாக வருகிற ஒரே படையெடுப்பு மதம்தான். மிஷனரி, அப்போஸ்தலர் என்று கூட்டம் கூட்டமாக அனுப்பும். சந்து பொந்தெல்லாம் நிற்பார்கள். நம் தொழிலாளி வயலுக்குப் போக வழி கிடைக்காது. சுவரைத் தாண்டத் தெரியாத டிராஜனுக்கு இதெல்லாம் மட்டும் எப்படி வருகிறதோ.

காந்தியின் அணுகுண்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் பாகத்தில் இந்தியாவின் தலைவராக வரும் காந்தியின் ஆக்ரோஷம் 1, ஜனநாயகம் வந்ததும் அதில் 2 கழிய, எண் சுற்றிவந்து 255 ஆகிவிட்டது, அதனால்தான் குண்டு போடுகிறார் என்பார்கள். அப்படி ஒரு பிழையே இல்லை என்று இந்த கேம் வரிசையைத் தொடங்கிவைத்த சிட் மையரே 2020இல் மறுத்துவிட்டார். இருந்தாலும் கதை சாகவில்லை. ஏன் சாகவில்லை என்று எனக்குப் புரிகிறது. எதிரில் இருப்பது ஒரு பைத்தியமாகவாவது இருக்கட்டும் என்று நமக்கு ஆசை. ஆறாம் பாகத்தில் ஒவ்வொரு தலைவருக்கும் அஜெண்டா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கடற்படை பிடிக்கும், ஒருவருக்கு அதிசயங்கள் கட்டப் பிடிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அவர் அதற்காகத் திட்டம் போட மாட்டார். நடுநடுவே முகத்தைக் காட்டி, உன்னிடம் கப்பல் குறைவு என்று குறை சொல்லிவிட்டுப் போவார். கல்யாண வீட்டில் சாம்பாரைப் பற்றிச் சொல்லிவிட்டு மூன்றாவது பந்திக்கும் உட்காரும் பெரியப்பா மாதிரி.

வெறுத்துப்போன ஒரு மாதத்தில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற இன்னொரு போர் கேம் பக்கம் போனேன். 2019இல் வந்த புதுப் பதிப்பு. 1999 பதிப்பில் மிகக் கடின லெவல் கணினி இலவசமாக வளங்களை வாங்கிக்கொண்டு ஆடும். புதியது கல் வருவதைப் பார்த்து ஆட்களை ஒதுக்கிக்கொள்கிறது. 2022இல் திராவிடர் என்று ஒரு நாட்டைச் சேர்த்தார்கள். அதன் ஆட்கள் தமிழில் பேசுவார்கள், திரிசடை என்று ஒரு கப்பலும் உண்டு. எக்ஸ்ட்ரீம் லெவலில் அந்தத் திராவிடர்கள் தமிழில் பேசிக்கொண்டே என் ஊரை இருபத்தெட்டாவது நிமிடத்தில் கொளுத்தினார்கள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கை வேகம் வேண்டிய கேம் அது, எனக்கு அந்த வயது போய்விட்டது, அதனால் திரும்பி வந்துவிட்டேன். அதை விடுங்கள்.

ஆக, நண்பனுக்கு என் தீர்ப்பு: தனியாக ஆடுவதற்கு என்றால் வாங்காதே. இரண்டு பிரியாணியைச் சாப்பிட்டுவிடு.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் வாங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் இரண்டு பேருமாக உட்கார்ந்தோம், கூட நாலு கணினி நாடுகள். அவனுக்கு இது முதல் ஆட்டம். கேம்பஸ் எதற்கு, கோயில் எதற்கு என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஆடினான். டர்ன் 38. ஆற்றோரம் ஒரு நல்ல இடத்துக்கு என் செட்லரைத் தனியாக அனுப்பினேன். அங்கே அவன் வீரன் ஒருவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். “என்னடா இது?” என்று கேட்டேன். “காட்டுமிராண்டிங்க சுத்துறானுங்க மச்சான், உன் ஆளு வர்ற வரைக்கும் காவலுக்கு நிக்கிறேன்” என்றான். எனக்குக் கண் கலங்காத குறை. செட்லரைப் பக்கத்துக் கட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அடுத்த டர்னில் போர் அறிவித்தான், ஒரு கட்டம் நகர்ந்தான், செட்லரைப் பிடித்துக்கொண்டான்.

நான் கத்திய கத்தலில் வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

அதே இடத்தில் ஊர் கட்டினான். பேர் மாற்றும் வசதி எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டான். நானும் சொல்லிக் கொடுத்தேன். ஊருக்கு “நன்றி மச்சான்” என்று பெயர் வைத்திருக்கிறான். நாளை ராத்திரி பத்து மணிக்கு மிச்ச ஆட்டம். கவண் இரண்டு தயாராகிக்கொண்டிருக்கிறது.