மாலை ஏழரைக்கு எது கை கொடுக்கும்? நுரைச்சோலை, கூரைச் சூரியன், மன்னார்க் காற்று, வீட்டு விசிறி

இலங்கையில் மின்சாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு உடனே 'எது மலிவு' என்பதில் போய் நிற்கும். நிலக்கரியில் ஒரு யூனிட் எவ்வளவு, சூரியனில் எவ்வளவு, காற்றில் எவ்வளவு என்று கணக்கு ஓடும். அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: மாலை ஏழரை மணிக்கு எது உதவும்?

ஏன் ஏழரை? இந்த நாட்டில் மின்சாரத்தை அதிகம் இழுப்பது தொழிற்சாலைகள் ஓடும் பகல் நேரம் என்று நினைத்தால் அது சரியல்ல. நம்முடைய சிக்கல் வீடுகள் விழித்திருக்கும் மாலைதான். எல்லோரும் வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டு, ரைஸ் குக்கரில் சோறு வைத்து, மறுநாள் பள்ளிக்கூடச் சட்டையை அயன் பண்ணும் நேரம். நேரத்துக்கு ஏற்ப விலை வைக்கும் கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக உயர்ந்த விலை இருப்பது இதனால்தான். அந்த நான்கு மணி நேரத்தைத் தாங்கத்தான் எண்ணெயில் ஓடும் நிலையங்களை முடுக்குகிறார்கள். எண்ணெய் டாலரில் வருகிறது. டாலர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2022 மார்ச் இறுதியில் பார்த்தோம். ஒரு நாளில் 13 மணி நேரம் வரை இருட்டு.

ஆகவே நிலக்கரி, கூரைச் சூரியன், காற்று, சிக்கனம் என்ற நான்கு வழிகளையும் இந்த மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். மாலைக்கு உதவுமா? டாலர் கேட்குமா? அதன் சுமை யார் தலையில் விழும்?

நிலக்கரியை முதலில் எடுக்கிறேன். 900 மெகாவாட் கொண்ட நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கியது. மூன்று அலகுகளும் 2014இல் முழுமையடைந்தன. முதல் கேள்வியில் அதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். இரவோ பகலோ, கரி இருக்கும்வரை எரியும். எண்ணெயைவிட மலிவு. மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்த வருடங்களில் நாட்டைத் தாங்கியதும் அதுதான். இதை மறைத்துவிட்டுச் சூழல் பேசுவது நியாயமில்லை.

ஆனால் கரி முழுவதும் கப்பலில் வருகிறது. நுரைச்சோலையில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நிறுத்தி, பார்ஜ்களில் இறக்கிக் கொண்டுவர வேண்டும். சோழகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், இறக்க முடியாது. ஆறேழு மாதத்துக்குள் முழு வருடத்துக்கான கரியையும் வாங்கிக் குவித்தாக வேண்டும். கையில் டாலர் இல்லாத ஒரு பருவம் வந்தால், வரப்போகும் முழு வருடமும் ஆட்டம் காணும். இன்னொன்றும் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னார். அதைப் பலர் சிரிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்ததற்குக் காரணம், நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுபோனதுதான். அவ்வளவு பெரிய நிலையம் நின்றால் மறுபடி எழும்ப நாட்கணக்காகும். 2.2 கோடி மக்களுள்ள சிறிய தீவு, தன் மின்சாரத்தில் பெரும் பங்கை ஒரே வளவுக்குள் வைத்திருப்பதன் விலை இது.

யார் தலையில் விழுகிறது? கரித்தூசும் சாம்பலும் நுரைச்சோலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மீனவர் வீடுகளிலும். இரண்டாவது நுரைச்சோலை திருகோணமலையில் சம்பூரில் வரவிருந்தது. 2006இல் போரில் இடம்பெயர்ந்து, திரும்பிப் போக வருடக்கணக்காகக் காத்திருந்த மக்களின் ஊர் அது. இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டும் திட்டத்தை 2016இல் அரசு கைவிட்டது. இன்று அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய நிலையம் திட்டத்தில் இருக்கிறது. கரி வராமல் போனதில் எனக்கு இன்றும் நிம்மதி. சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததை யாழ்ப்பாணத்தார் மறக்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. சுண்ணாம்புக் கல்லின் இடுக்கில் நிற்கும் தண்ணீரைத் தவிர குடாநாட்டுக்கு வற்றாத ஆறா இருக்கிறது, பெரிய குளமா இருக்கிறது? அந்தத் தண்ணீரை எந்தக் காசு கொடுத்து மீட்பது?

திரவ எரிவாயுவை ஒரு வரியில் கடந்துவிடலாம். எரிவாயுவுக்கு மாறலாம் என்று கட்டிய கெரவலப்பிட்டி நிலையம் 2010இலிருந்து எண்ணெயில் ஓடுகிறது, இறக்குவதற்கான முனையம் வரவேயில்லை.

சரி, கூரைச் சூரியன். 2016இல் அரசு தொடங்கிய சூரிய பல சங்கிராமம் திட்டத்துக்குப் பிறகு கூரைகளில் தகடுகள் பெருகின. கூரையிலிருந்து மின்சார சபைக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய், பிறகு 15.50 என்று விலை வைத்ததும் வங்கிகள் கடன் கொடுத்தன, வசதியுள்ளவர்கள் போட்டார்கள். இப்போது நாட்டின் கூரைகளில் 1,000 மெகாவாட்டுக்கும் மேல் இருக்கிறது. டாலர் கேள்வியில் சூரியனுக்குத்தான் முதலிடம். தகடு ஒருமுறை இறக்குமதி, அப்புறம் இருபது வருடத்துக்கு வெயில் இலவசம்.

மாலைக் கேள்வியில்தான் அது தோற்கிறது. ஆறு மணிக்குப் பிறகு தகட்டிலிருந்து ஒன்றும் வராது. 2025 சித்திரைப் புத்தாண்டின்போது நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் மூன்று மணி வரைக்கும் கூரைத் தகடுகளை அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்ததால் பகலில் மின்சாரம் வாங்க ஆளில்லை. அதே நாட்களின் மாலையில் வேறு நிலையங்கள் எரிந்துகொண்டிருந்தன. பகலில் வேண்டாம் என்று மூடியதையே இரவில் எரித்து வாங்கினோம். இந்த நிலையில், பேட்டரி இல்லாமல் இன்னும் தகடுகளை மட்டும் சேர்ப்பது நாட்டுக்கு உதவும் என்று நான் நம்பவில்லை. பகலில் சேமித்து மாலையில் கொடுப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 40 ரூபாய்க்கு மேல் தரலாம் என்று 2025இல் முடிவெடுத்தது சரியான பக்கம் எடுத்து வைத்த அடி. பகல் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 600 மெகாவாட் மகா ஓயா நீரேற்று நிலையம் இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது.

சுமை விஷயத்தில் எனக்குக் கூரைச் சூரியனோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. சொந்தக் கூரையும் வங்கிக் கடன் வாங்கும் தகுதியும் உள்ளவருக்கே அது கிடைத்தது. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் தோட்டத்து லயன் அறையில் இருப்பவருக்கும் கிடைக்கவில்லை. மாதம் 30 யூனிட்டுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு 2022 ஆகஸ்டுக்கு முன் ஒரு யூனிட் 2.50 ரூபாய். அது 8 ரூபாயாகி, 2023 பெப்ரவரியில் 30 ரூபாயானது. இரண்டு குமிழும் ஒரு விசிறியும் வைத்திருக்கும் வீட்டுக்கு விலை பன்னிரண்டு மடங்கு. பின்னால் குறைத்தார்கள் என்றாலும் அந்த வருடம் எத்தனையோ வீடுகளில் இணைப்பே போனது.

மன்னார்க் காற்றைப் பற்றி நிறையச் சொல்லலாம். தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில் தொடங்கியது. சோழகம் அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுழலும். கரிக்கப்பல் வர முடியாத அதே மாதங்களில்! கடலைக் கொந்தளிக்க வைக்கும் காற்றே கரியின் இடத்தைக் கொஞ்சம் நிரப்புகிறது. மாலையிலும் காற்று உண்டு, ஆகவே சூரியனைவிட இதற்கு மதிப்பெண் கூட. வருடம் முழுவதும் ஒரே மாதிரி வராது என்பதுதான் குறை. விலையிலும் ஒரு பாடம் கிடைத்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனத்துக்கு ஒத்துக்கொண்ட விலை யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட். 2024இல் வந்த புதிய அரசு விலையைக் குறைக்கக் கேட்டது, நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. மன்னாரில் 50 மெகாவாட்டுக்குப் போட்டிக் கேள்வி (டெண்டர்) கோரியபோது 4.65 சென்ட்டுக்கு ஆள் கிடைத்தது. கேள்வி கோராமல் கைகுலுக்கிக் கொடுப்பதில் நாடு எவ்வளவு இழக்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

ஆனால் மன்னார் தீவு சின்ன இடம். மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகள் இறங்கும் வழி அது. வங்காலையின் சதுப்பு நிலம் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. 2025இல் புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று மக்கள் வீதியில் இறங்கியபோது, மழைநீர் வடியும் வழி அடைபட்டு ஊருக்குள் வெள்ளம் நிற்கிறது, மீன்பிடி குறைகிறது என்று சொன்னார்கள். கொழும்பில் அதை 'வளர்ச்சிக்கு எதிர்ப்பு' என்று எழுதினார்கள். நான் அந்த மக்கள் பக்கம்தான். காற்றும் அவர்களுடையது, நிலமும் அவர்களுடையது, மின்சாரம் மட்டும் கம்பி வழியே தெற்கே போய்விடுகிறது, அவர்களுடைய கரண்ட் பில்லில் ஒரு ரூபாய் குறையவில்லை. பெருநிலப்பரப்பில் இடம் பார்த்து, ஊருக்கும் பங்கு கொடுத்துப் போட்டால் காற்று நல்ல வழி.

நான்காவது, சிக்கனம். யாரும் ரிப்பன் வெட்டித் திறக்காத மின் நிலையம் இது.

கணக்கை எளிமையாகப் போடுகிறேன். பழைய மேல்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற புதுவகைச் சிக்கன மோட்டார் உள்ள விசிறி அதே காற்றை 35 வாட்டுக்குள் தரும். ஒரு விசிறிக்கு 40 வாட் மிச்சம். மின்சாரம் உள்ள வீடுகள் 50 லட்சத்துக்கும் மேல். வீட்டுக்கு ஒரே ஒரு விசிறியை மாற்றி, மாலை ஏழரைக்கு அவற்றில் பாதி மட்டும் சுழல்கிறது என்று வைத்தாலும் 100 மெகாவாட் குறைகிறது. காற்று முழு வேகத்தில் அடிக்கும்போது தம்பபவனி தருவது 103.5. விசிறிக்குச் சோழகம் தேவையில்லை, பறவைக்குத் தொந்தரவில்லை, யார் கிணற்றிலும் எண்ணெய் கலக்காது. இன்னொரு லாபமும் உண்டு. நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் எட்டு ஒன்பது சதவீதம் வழியிலேயே போய்விடுகிறது. வீட்டில் மிச்சம் பிடிக்கும் ஒரு யூனிட்டோடு அந்த இழப்பும் மிச்சம்.

இதில் நமக்கு அனுபவம் இல்லாமலில்லை. 1996 வறட்சியில் எட்டு மணி நேர மின்வெட்டு வந்தபோது, மாலை வெளிச்சத்தைப் பிடிக்க நாட்டின் கடிகாரத்தையே அரசு ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, பிறகு அரை மணியாக்கியது. 2006 ஏப்ரல் வரை அது நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே இருந்தது. எல்லைச் சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்பிய தலைமுறை நாங்கள். அதற்கும் முன்னால், போரால் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத காலத்தில், ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு முழுக்கப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். அந்தச் சிக்கனம் எங்கள் விருப்பமல்ல, எங்கள் மேல் போட்ட தடை. ஆகவே 'மின்சாரத்தைக் குறையுங்கள்' என்று யாராவது உபதேசித்தால் எனக்குக் கோபம் வரும். நான் கேட்கும் சிக்கனம் வேறு. அதே வெளிச்சம், அதே காற்று, குறைந்த கரண்ட்.

குறைகளும் சொல்ல வேண்டும். நல்ல விசிறிக்கு முதலில் கூடக் காசு தேவை, ஏழை வீட்டில் அது இருக்காது. எல்.ஈ.டி. குமிழ் என்று வாங்கியது எனக்கே மூன்று மாதத்தில் புகைந்துபோனது. சந்தையில் தரம் குறைந்த சாமானை அனுமதித்தால் மக்கள் ஒருமுறை ஏமாந்தபின் மறுபடி வாங்க மாட்டார்கள். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான நிலைபெறுதகு வலு அதிகார சபைக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், சிக்கனம் இரண்டும் கடமை. நட்சத்திர முத்திரை, பெரிய நிறுவனங்களுக்கு வலு முகாமையாளர் என்று விதிகள் உண்டு. ஆனால் கடைத்தெருவில் விசிறி வாங்கப் போகிறவர் விலையையும் நிறத்தையும்தான் கேட்கிறார்.

2030இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது, 2050இல் கரிமச் சமநிலை என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். என்னைக் கேட்டால் வரிசை இப்படி இருக்கட்டும். முதல் காசு விசிறிக்கும் குமிழுக்கும். அதை 60 யூனிட்டுக்குள் பாவிக்கும் வீடுகளிலிருந்து தொடங்கி, விலையை மாதா மாதம் பில்லோடு சிறு தவணையாகக் கழிக்கலாம், குறையும் பில்லே தவணையில் ஒரு பகுதியைக் கட்டிவிடும். இரண்டாவது, ஏற்கனவே உள்ள கூரைத் தகடுகளுக்குப் பேட்டரி. மூன்றாவது, ஊரோடு பேசி முடித்த இடத்தில் காற்றாலை. நுரைச்சோலை தன் காலம்வரை ஓடட்டும், நான்காவது அலகு வேண்டாம்.

புதிதாகத் தகடு போட நினைக்கும் நண்பர்களுக்கு இப்போது நான் சொல்வது: முதலில் வீட்டில் இரவில் ஓடும் விசிறிகளை எண்ணுங்கள். அவற்றை மாற்றிவிட்டு, இரண்டு மாத பில்லைப் பார்த்தபின் தகட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். நீங்கள் நினைத்ததைவிடச் சிறிய தகடு போதுமாக இருக்கும்.